பதக்கம் கொடுத்த கை: நெல்லைச் சீமையில் கான் சாகிப்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் சிலைக்கு மாலைகள் ஏறும். 1799-இல் அந்த நாளில்தான் அவரை அங்கே தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தைய நாளான அக்டோபர் 15 எங்கள் பக்கத்தில் சத்தமில்லாமல் கழிந்துவிடும். கட்டபொம்மனுக்கு 35 ஆண்டுகள் முன்னதாக, 1764-இல் அதே நாளில், மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் இன்னொருவர் தூக்குமரம் ஏறினார். யூசுப் கான் என்பது படைப் பதிவேட்டில் அவர் பெயர். மருதநாயகம் என்பது தமிழ்நாட்டு வழக்கு. சனங்கள் வாயில் அவர் கான் சாகிப்.

அவரைத் தூக்குக்கு ஒப்படைத்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு அவர் அந்நியர் அல்லர். அவர்களுடைய படையில் சிப்பாயாகச் சேர்ந்து, சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியாக உயர்ந்தவர். உள்நாட்டுப் போர் ஒன்றில் காட்டிய வீரத்துக்காக அவர்கள் கையாலேயே தங்கப் பதக்கம் வாங்கியவர். பத்தாண்டுக்குள் பதக்கம் கயிறாக மாறியது. அந்தப் பத்தாண்டில் பெரும்பகுதியை அவர் கழித்த இடம் எங்கள் திருநெல்வேலிச் சீமை. இங்கிருந்த பாளையங்களின் மண்கோட்டைகள் அவர் கையால்தான் விழுந்தன.

அந்தப் பதக்கம் உண்மையில் எதற்குக் கொடுக்கப்பட்டது என்பதுதான் பல ஆண்டுகளாக என்னைத் தொந்தரவு செய்யும் கேள்வி. வீரத்துக்கு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அவர் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை அடுக்கிப் பார்த்தால் அந்தப் பதில் நிற்கவில்லை.

ஒரு வீட்டுச் சண்டை

பள்ளியில் இந்தக் காலத்தைக் கர்நாடகப் போர்கள் என்று படித்தோம். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போட்டி என்று ஒரே வரியில் பாடம் முடிந்துவிடும். போரின் கரு அதைவிட நமக்கு நெருக்கமானது. ஆற்காட்டு நவாபு பதவி யாருக்கு என்று இரண்டு குடும்பங்கள் அடித்துக்கொண்டன. 1749-இல் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வாருதீன் கான் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் போய்ப் புகுந்துகொண்டார். பதவிக்கு உரிமை கோரிய சந்தா சாகிப், பிரெஞ்சுக்காரர் துணையோடு அந்தக் கோட்டையைச் சூழ்ந்தார். முகமது அலிக்குக் கம்பெனி துணை வந்தது. 1752-இல் சந்தா சாகிப் பிடிபட்டுத் தலை வெட்டப்பட்டார்.

அத்தோடு போர் முடிந்தது என்று நினைத்தால் நெல்லைச் சீமையை மறந்துவிட்டோம் என்று பொருள். சந்தா சாகிப்பின் பட்டாணிய அதிகாரிகள் மதுரையிலும் திருநெல்வேலியிலும் அப்படியே அமர்ந்திருந்தார்கள். அவர்களில் முடேமியா என்பவர் களக்காட்டுப் பகுதியைத் திருவிதாங்கூருக்கு விற்றே விட்டார். 1755-இல் வரி வசூலிக்க நவாபு தன் அண்ணன் மாபூஸ் கானை அனுப்பினார். அந்த அண்ணனே பிறகு தம்பிக்கு எதிராகத் திரும்பி, நெற்கட்டும்செவல் பூலித்தேவரோடு கைகோத்தார். பாளையங்களும் இரண்டாகப் பிளந்து நின்றன. மேற்கே மலையடிவாரத்து மறவர் பாளையங்கள் பூலித்தேவரைச் சுற்றித் திரண்டன. கிழக்கே எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் அந்தத் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் நவாபு பக்கம் சாய்ந்தன.

அண்ணன் ஓர் அணி, தம்பி ஓர் அணி. அடுத்த பாளையக்காரன் எதிரணி. வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று விறகு போட்டார்கள். எரிந்தது நம் வீடு. இதை உள்நாட்டுப் போர் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

அரிசி கொண்டு வந்தவர்

இராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்து, வீட்டை விட்டு வெளியேறி, இசுலாத்தைத் தழுவி, படை படையாக வேலை பார்த்து, கடைசியில் கிளைவின் கீழ்க் கம்பெனிப் படைக்குள் வந்தவர் அவர். தொடக்க நாட்களில் நெல்லூர் சுபேதார் என்று அவருக்குப் பெயர். சிறுவயதுக் கதைகள் பலவிதமாகச் சொல்லப்படுகின்றன. அவற்றை நான் இங்கே தொடப்போவதில்லை.

அவர் பெயரை நிலைநிறுத்திய இடம் திருச்சி. 1753, 1754 ஆகிய ஆண்டுகளில் கம்பெனித் தளபதி மேஜர் லாரன்சின் படை அங்கே முற்றுகைக்குள் கிடந்தது. மைசூர்க்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் சுற்றி நின்றார்கள். கோட்டைக்குள் இருந்தவர்களைச் சாய்க்கக் குண்டு தேவைப்படவில்லை, பசியே போதும். அரிசியும் மாடும் புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டிலிருந்து வரவேண்டும். இரவில், காட்டு வழியில், எதிரிக் குதிரைப்படையின் கண்ணில் படாமல் பொதிமாடுகளை ஓட்டிவர வேண்டும். அதைச் செய்தவர் கான் சாகிப். ஊர்களையும் பாதைகளையும் ஆட்களையும் அறிந்தவர். எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும், எந்தக் கிராமத்தில் ஒற்றன் இருப்பான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். போரில் வீரம் என்றவுடன் நம் கண்முன் வாள்தான் வருகிறது. திருச்சியைக் காப்பாற்றிய வீரம் அரிசி மூட்டையின் பின்னால் நடந்தது.

லாரன்ஸ் அவரைப் பிறவிப் போர்வீரன் என்று புகழ்ந்தார். துணிவும் நிதானமும் சேர்ந்தவர் என்றார். கூடவே, அவருடைய நிறத்தில் அவரைவிடச் சிறந்தவரை இந்த நாட்டில் கண்டதில்லை என்றும் சொல்லி வைத்தார். அந்த ‘நிறம்’ என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். புகழ்ச்சிக்குள்ளேயே எல்லைக்கல் நடப்பட்டிருக்கிறது.

இந்தக் காலத்தில் நடந்த ஒரு சம்பவம், இந்த வழக்கில் மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1754-இல் திருச்சிக் கோட்டையில் ஒரு கடிதம் கண்டெடுக்கப்பட்டது. கோட்டையைக் காட்டிக் கொடுக்க யூசுப் கான் மைசூர்க்காரர்களோடு பேசி வைத்திருப்பதாக அதில் இருந்தது. அவரைக் காவலில் வைத்தார்கள். பிறகு விசாரித்தார்கள். கடிதம் எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்து போட்டது, அதனால் யாருக்கு லாபம் என்று நூல் பிடித்துப் போனார்கள். முடிவில் அகப்பட்டவர் பொன்னியப்பா. ஆங்கிலேயருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், கான் சாகிப்பை ஒழித்துக்கட்டக் கட்டிய பொய் அது. பொன்னியப்பாவைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். கான் சாகிப் பழைய மரியாதையோடு வெளியே வந்தார்.

துரோகக் குற்றம் சாட்டப்பட்டபோது, அந்த ஒருமுறை, அவருக்கு விசாரணை கிடைத்தது. அப்போது அரிசிக்கு அவர் தேவைப்பட்டார்.

அதே ஆண்டில் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் அவரைத் தளபதி ஆக்கினார்கள். துணிவையும் விசுவாசத்தையும் போற்றித் தங்கப் பதக்கமும் வந்தது. ஒரு தமிழ்நாட்டுச் சிப்பாய்க்கு அந்தக் காலத்தில் அது சாதாரணமான மரியாதை அல்ல. ஆனாலும் தளபதியாக இருந்தவருக்கு மேலே எல்லா வெள்ளை அதிகாரிகளும் இருந்தார்கள். பதக்கம் மார்பில் ஏறியது. பதவி அந்த எல்லைக்கல்லைத் தாண்டவில்லை.

மண்கோட்டைகள்

1755 பிப்ரவரியில் கர்னல் ஹெரானின் படை திருச்சியிலிருந்து தெற்கே புறப்பட்டபோது கான் சாகிப்பும் உடன் வந்தார். கேவலமான படையெடுப்பு அது. கோயில்குடிக் கோயிலின் விக்கிரகங்களைக் கொள்ளையடித்துக் கொண்டு போனார்கள். திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்துத் தாக்கி அவற்றை மீட்டார்கள். இடையில் ஹெரான் நெற்கட்டும்செவலுக்கும் போனார். கோட்டைக்கு முன்னால் நின்று பணம் கேட்டார். பூலித்தேவர் கொடுக்கவில்லை. கோட்டையை உடைக்கும் அளவுக்குப் பீரங்கி ஹெரானிடம் இல்லை. வந்த வழியே போனார். பிறகு படைநீதிமன்றம் அவரை வேலையிலிருந்து நீக்கியது.

நெல் கட்ட மறுத்ததால்தான் ஊருக்கு நெற்கட்டான்செவல் என்று பெயர் வந்தது என்பது எங்கள் பக்கத்து வழக்கு. பெயரின் வரலாறு எதுவாக இருந்தாலும், அந்த மறுப்பின் பெருமையில்தான் ஊர் இன்றும் வாழ்கிறது.

இந்தக் கோட்டைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கல்கோட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை வெறும் மண்மேடு. செம்மண்ணைக் குழைத்து, வைக்கோல் சேர்த்து மிதித்து, வெயிலில் இறுக விட்டுச் சுவர் எழுப்புவார்கள். கல்சுவரில் குண்டு பட்டால் சில்லுச் சில்லாகச் சிதறும். மண்சுவரில் பட்ட குண்டு உள்ளே போய் அமிழ்ந்துவிடும். பெரிய பீரங்கி நாள்கணக்கில் அடித்தால் உடைப்பு விழும். உடைப்பு விழுந்த இடத்தில் உள்ளேயிருப்பவர்கள் பனைத்தடியும் வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு அடைப்பார்கள். அடைப்பவர்கள் குண்டடி பட்டு விழுவார்கள். அந்த இடத்தில் அடுத்தவர்கள் வந்து நிற்பார்கள். வாசுதேவநல்லூர் அப்படித்தான் நின்றது. சுற்றிலும் முள்வேலியும் காடும். மேற்கே கைக்கெட்டும் தூரத்தில் மலை. தோற்றால் மலைக்குள் போய்விடலாம், மழை வந்தால் திரும்பி வரலாம். இப்படிப்பட்ட எதிரியை ஐரோப்பியத் தளபதி எவராலும் அடக்க முடியவில்லை.

கான் சாகிப்பால் முடிந்தது. 1756-இல் அவரை மீண்டும் அனுப்பினார்கள். மாபூஸ் கானின் கலகம், மதுரைக் கோட்டை கைமாறியது, 1757-இல் கம்பெனித் தளபதி காலியோவின் முற்றுகை, பிறகு பணம் கொடுத்துக் கோட்டையை வாங்கியது என்று இரண்டு ஆண்டுகள் ஓடின. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது கான் சாகிப்பை வடக்கே அழைத்துக்கொண்டார்கள். கோட்டைக்கு வெளியே நின்று, செங்கல்பட்டுக்கும் பரங்கிமலைக்கும் இடையில், லாலியின் முதுகைக் குத்திக்கொண்டே இருந்தார். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையைக் கைவிட்டார். திருச்சியில் ஒருமுறை, சென்னையில் ஒருமுறை. கம்பெனியின் உயிர் இரண்டு முறை தங்கியதில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு.

பிறகு தெற்கே திரும்பினார். வரும் வழியில் நத்தம் பகுதிக் கள்ளர்களை அவர் அடக்கிய விதம் கொடூரமானது. அதை மறைத்துவிட்டு அவர் புகழைப் பாடுவது எனக்குச் சம்மதமில்லை. 1759 முடிவில் திருவிதாங்கூர்ப் படையையும் சேர்த்துக்கொண்டு வாசுதேவநல்லூரைத் தாக்கினார். தோற்றுத் திரும்பினார். 1760-இல் டச்சுக்காரர்கள் இலங்கையிலிருந்து தூத்துக்குடியில் வந்து இறங்கி ஆழ்வார்திருநகரி வரை உள்ளே வந்துவிட்டார்கள். தாமிரபரணிக் கரையிலிருந்து அவர்களைக் கடற்கரைக்கே விரட்டிவிட்டார். மறுபடி மேற்கே திரும்பினார். 1761 மே மாதத்தில் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் அவர் வசம் வந்தன. பூலித்தேவர் சீமையை விட்டு வெளியேறினார். இந்தப் பனையூர் பூலித்தேவருடைய கோட்டை. தான் பிறந்த ஊரின் பெயர் தாங்கிய கோட்டையை இடித்தபோது அவர் மனத்தில் ஏதாவது ஓடியிருக்குமா என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

சுவருக்கு உள்ளே இருந்த வீரத்துக்குப் பதக்கம் இல்லை. அங்கே மரியாதைக்கு வேறு வடிவம். பூலித்தேவரின் படைத்தலைவர் வெண்ணிக் காலாடி, வயிறு கிழிந்து குடல் சரிந்தபோது தலைப்பாகைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சண்டையை முடித்துவிட்டே விழுந்தார் என்று சனங்கள் சொல்கிறார்கள். அவர் விழுந்த இடத்தைக் காலாடி மேடு என்கிறார்கள். இன்னொரு தலைவர் ஒண்டிவீரன். அவருக்குப் பாளையங்கோட்டையில் இப்போது மணிமண்டபம் இருக்கிறது. பள்ளரும் அருந்ததியரும் மறவரும் ஒரே சுவருக்குப் பின்னால் நின்றார்கள் என்பதை அந்த மேடும் மண்டபமும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் யாருக்கும் எவரும் விசுவாசச் சான்று எழுதித் தரவில்லை.

குத்தகைக்காரர்

1759-இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை அவருக்கே குத்தகைக்கு விட்டார்கள். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். சிப்பாய்த் தளபதி சீமை ஆள்பவராக மாறினார். வரி ஒழுங்குக்கு வந்தது. மீனாட்சியம்மன் கோயிலின் பறிபோன நிலங்களை மீட்டுக் கொடுத்தார். இசுலாமியராக இருந்துகொண்டு அவர் அதைச் செய்ததை மதுரைக்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. கான்சாமேட்டுத் தெரு மதுரையில் இருக்கிறது, கான்சாபுரம் என்ற ஊர் வத்திராயிருப்புப் பக்கம் இருக்கிறது. பாளையங்கோட்டையின் கோட்டையையும் பலப்படுத்தினார். மேடை போலீஸ் ஸ்டேஷன் என்று நாங்கள் சொல்லும் கட்டடம் அந்தக் கோட்டையின் எச்சத்தின் மேல்தான் நிற்கிறது. பஸ்ஸில் அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேர் அதை நிமிர்ந்து பார்க்கிறார்களோ!

குத்தகை என்பது விசித்திரமான உறவு. சீமை உன்னுடையது, ஆனால் உன்னுடையது அல்ல. நிலத்தை நன்றாக்கினால் மற்றவன் கண் அதில் விழும். அடுத்த ஆண்டு கூடுதலாகக் கேட்பான். எங்கள் ஊர்க் குத்தகை விவசாயி யாரைக் கேட்டாலும் இந்த வலியைச் சொல்வார். கான் சாகிப்புக்கு நடந்தது அதுதான். அவர் சீமையை அடக்கிக் கொடுத்த பிறகு, அதன் வருமானத்தின் மேல் நவாபுக்கு ஆசை வந்தது. பணத்தை என் வழியாகவே கட்ட வேண்டும், அவன் என் வேலைக்காரன் என்றார் நவாபு. 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. பிரெஞ்சுக்காரர் பயம் போனது. கம்பெனிக்கு நவாபின் கடனும் நவாபின் தயவும் முக்கியமாயின, கான் சாகிப்பின் தேவை குறைந்தது. தன்னை நேரடியாகக் கம்பெனியின் கீழ் வைத்துக்கொள்ளும்படி அவர் கேட்டார். ஆண்டுக்கு 7 லட்சம் தருவதாகவும் சொன்னார். கம்பெனி நவாபு பக்கம் சாய்ந்தது. 1763 பிப்ரவரியில் ஐரோப்பாவில் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கை, முகமது அலியே கர்நாடகத்தின் சட்டப்படியான நவாபு என்று ஒரு வரி எழுதியது. ஆம்பூரில் தொடங்கிய சண்டைக்கு எங்கோ ஓர் ஊரில் மை போட்டு முடிவு கட்டிவிட்டார்கள். அந்த மை காயும்போது மதுரையில் இருந்த கான் சாகிப் கலகக்காரர் ஆகிவிட்டார்.

என் கணிப்பில் இந்த வழக்கின் திருப்பம் இங்கேதான் இருக்கிறது. 1754-இல் அவர் மேல் விழுந்த துரோகக் குற்றச்சாட்டு பொய். 1763-இல் விழுந்த குற்றச்சாட்டுக்கு ஆதாரம் உண்டு. அவர் பிரெஞ்சுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டார், அவர்கள் கொடியை ஏற்றினார், கம்பெனிப் படையை எதிர்த்துச் சுட்டார். இதை நான் மறுக்கவில்லை. கேள்வி வேறு. யாருக்கு அவர் துரோகம் செய்தார்? அவர் கம்பெனிக்குச் சத்தியம் செய்து வேலைக்குச் சேர்ந்தவர். நவாபிடம் சேரவில்லை. தன் ஒப்புதல் இல்லாமல் தன்னை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாற்றிக் கொடுத்ததைத்தான் அவர் மறுத்தார். ஒரு மாட்டை விற்பதுபோல் ஒரு தளபதியை விற்க முடியும் என்று கம்பெனி நினைத்தது. முதல் பத்தாண்டில் அவருக்குப் புகழ் சேர்த்த அதே நிமிர்வுதான் இந்த இடத்தில் குற்றமாயிற்று.

மதுரையில் பதினான்கு மாதங்கள்

1763 ஆகஸ்டு கடைசியில் கர்னல் மான்சன் தலைமையில் படை மதுரைக்கு வந்தது. மழைக்காலம் தொடங்கும்வரை அடித்துப் பார்த்தார்கள். நவம்பரில் பின்வாங்கினார்கள். 1764-இல் மேஜர் சார்லஸ் காம்பெல் வந்தார். ஜூன் 26 அன்று பெரும் தாக்குதல் நடந்தது. கோட்டையின் உடைப்பில் ஏறியவர்களை கான் சாகிப்பின் ஆட்கள் தள்ளிவிட்டார்கள். மேஜர் பிரெஸ்டன் அங்கே பட்ட காயத்தால் இறந்தார். லாலியின் முற்றுகையின்போது கான் சாகிப்போடு தோளோடு தோள் நின்று சண்டையிட்டவர் அந்த பிரெஸ்டன். உள்நாட்டுப் போர் இப்படித்தான் கணக்குத் தீர்க்கும்.

அடித்து வெல்ல முடியாது என்று தெரிந்ததும் சுற்றி வளைத்துப் பட்டினி போட்டார்கள். திருச்சியில் பசியை வென்றவரைப் பசியால்தான் சாய்க்க முடிந்தது. அவருக்கு அரிசி கொண்டு வர இன்னொரு கான் சாகிப் இல்லை. கோட்டைக்குள் நாயையும் குரங்கையும் தின்றார்கள் என்று சொல்கிறார்கள். அக்டோபர் 13 அன்று தொழுகையில் இருந்தவரைச் சொந்த ஆட்களே பிடித்தார்கள். திவான் சீனிவாச ராவ், ஹக்கீம் பாபா சாகிப், பிரெஞ்சுத் தளபதி மர்ச்சாந்து ஆகியோர் பெயர்கள் இதில் அடிபடுகின்றன. அவருடைய தலைப்பாகையாலேயே அவர் கையைக் கட்டினார்கள் என்பது வழக்கு. வெண்ணிக் காலாடியின் தலைப்பாகை குடலைக் கட்டியது. கான் சாகிப்பின் தலைப்பாகை கையைக் கட்டியது. இந்த இரண்டு துணிகளையும் அடுத்தடுத்து நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

13-ஆம் தேதி பிடித்தார்கள். 15-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். நடுவில் விசாரணை இல்லை, படைநீதிமன்றம் இல்லை. விக்கிரகம் திருடிய கர்னல் ஹெரானுக்குக்கூடப் படைநீதிமன்றம் கூடியது. பத்தாண்டுக்கு முன்பு ஒரு துண்டுக் கடிதத்துக்காக நூல் பிடித்துத் துருவிய அதே கம்பெனி, இந்த முறை ஒரு கேள்வியும் கேட்காமல் அவரை நவாபு கையில் ஒப்படைத்தது. கயிறு இரண்டு முறை அறுந்து மூன்றாம் முறைதான் உயிர் பிரிந்தது என்று கதைப்பாட்டு மரபு சொல்லும். உடலைத் துண்டாக்கித் திருச்சி, தஞ்சாவூர், பாளையங்கோட்டை, திருவாங்கூர் என்று அனுப்பினார்கள் என்பதும் வழக்கு. இறந்த பிறகும் அவர் எழுந்து வந்துவிடுவார் என்ற பயம் அதில் தெரிகிறது. சம்மட்டிபுரத்தில் புதைத்த இடத்தில் 1808-இல் பள்ளிவாசல் எழுந்தது. அது இன்றும் கான் சாகிப் பள்ளிவாசல்தான்.

பதக்கத்தின் பொருள்

இப்போது கேள்விக்கு வருகிறேன். 1754-இன் திருச்சியையும் 1764-இன் மதுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் முற்றுகை. இரண்டிலும் பசி. இரண்டிலும் அதே மனிதர், அதே பொறுமை, அதே துணிவு. மதுரையின் வீரம் திருச்சியின் வீரத்தைவிட ஒரு படி மேல் என்றுகூட நான் சொல்வேன். திருச்சியில் அவருக்குப் பின்னால் கம்பெனி இருந்தது, மதுரையில் யாரும் இல்லை. வீரத்தில் எதுவும் குறையவில்லை. மாறியது கீழ்ப்படிதல் ஒன்றுதான். ஆகவே அந்தத் தங்கம் எடைபோட்டதும் கீழ்ப்படிதலைத்தான் என்ற முடிவுக்கே நான் வருகிறேன். அதில் துணிவு என்ற சொல்லும் விசுவாசம் என்ற சொல்லும் சேர்ந்தே இருந்தன. முதல் சொல் அலங்காரம், இரண்டாவதுதான் நிபந்தனை.

இதை எழுதும்போது எனக்குள் ஓர் உறுத்தல் இருக்கிறது. நான் நெல்லைச் சீமைக்காரன். என் ஊர்க்காரர்களின் கோட்டைகளை இடித்தவருக்காக நியாயம் கேட்கிறேன். கடைசி இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை விடுதலை வீரர் என்று கொண்டாடுகிறவர்கள் அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளை எங்கே வைப்பார்கள்? அந்த எட்டு ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைக் கைக்கூலி என்று தள்ளுகிறவர்கள் ஜூன் 26-ஐ எங்கே வைப்பார்கள்? இரண்டு கூட்டமும் பாதி மனிதரைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பூலித்தேவரும் கான் சாகிப்பும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் நின்றிருந்தால் என்று பெருமூச்சு விடுகிறவர்களும் உண்டு. பூலித்தேவர் வரி கட்ட மறுத்தபோது கான் சாகிப் பதக்கத்தோடு நின்றார். கான் சாகிப் மறுத்தபோது பூலித்தேவர் நாடிழந்து நின்றார். அவர்களுக்கு இடையே இருந்தது இரண்டே ஆண்டு இடைவெளி.

செப்டம்பர் 1, பூலித்தேவர் பிறந்த நாள். ஒரு வருடம் அந்த நாளுக்கு மறுநாள், கூட்டம் வடிந்த பிறகு, சங்கரன்கோவிலில் பஸ் மாறி நெற்கட்டும்செவலுக்குப் போனேன். மாளிகையின் முன்னால் மாலைகள் வாடிக் கிடந்தன. டீக்கடையில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பேச்சு வளர்ந்து கான் சாகிப்பிடம் வந்தது.

“அவரும் வீரர்தானே, ஐயா?” என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கிளாஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“வீரன்தான் தம்பி. யார் இல்லை என்றது? வீரனாக இருந்ததால்தானே எங்கள் கோட்டை விழுந்தது. கோழையை அனுப்பியிருந்தால் எங்கள் கோட்டை நின்றிருக்கும்.”

கடைக்கார அண்ணாச்சி உள்ளேயிருந்து, “அவரைத் தூக்கில் போட்டதும் நம்ம ராசா திரும்பி வந்துவிட்டாரே, அதையும் சொல்லுங்கள்” என்றார். உண்மைதான். 1764-இல் கான் சாகிப் மறைந்தவுடன் பூலித்தேவர் தன் சீமைக்குத் திரும்பினார். இடித்த கோட்டைகளை மறுபடி எழுப்பினார்கள். 1767-இல் கர்னல் டொனால்ட் காம்பெல் பீரங்கிகளோடு வாசுதேவநல்லூருக்கு வந்தபோது, உடைப்புகளை மறுபடியும் பனைத்தடியும் வைக்கோலும் கொண்டு அடைத்தார்கள். கம்பெனியிடம் அப்போது அந்தச் சுவர்களைத் தெரிந்த தளபதி இல்லை. அவரை அவர்களே தூக்குக்கு ஒப்படைத்துவிட்டார்கள்.

பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். காலாடி மேட்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டேன். வழி சொல்வதற்குப் பதிலாக, “வாருங்கள்” என்று சொல்லி முன்னால் நடந்தார்.